லீவு கிடைக்காத தாய்மாமன்

அந்தச் செய்தியை நான்கு முறை எழுதி நான்கு முறை அழித்தேன். ஐந்தாவது முறை எழுதியதை அனுப்பிவிட்டேன். அதற்குப் பிறகு போனை மாற்றிவிட்டேன், ஆனால் அது மட்டும் அழியாமல் புதுப் போனுக்கும் கூடவே வந்து உட்கார்ந்திருக்கிறது.

"மாப்ள, ஒனக்கு எப்புடிச் சொல்றதுன்னு தெரியல. லீவு கேன்சல் ஆயிருச்சு. கம்பெனில திடீர்னு பெரிய வேலை வந்துருச்சு. மேனேஜர் கால்ல விழாத கொறையாக் கேட்டுப் பாத்துட்டேன். ஒருத்தனையும் விட மாட்டேங்குறான். தங்கச்சிக்கிட்ட நீதான் பக்குவமாச் சொல்லணும். பாப்பாவ மாமா ரொம்பக் கேட்டேன்னு சொல்லு."

இதில் ஒரு வரிகூட உண்மை இல்லை. என் மேனேஜர் லீவு விண்ணப்பத்தைப் படித்துக்கூடப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டவர். திரும்பி வரும்போது எங்கள் பக்கத்து முந்திரிப்பருப்பு கொஞ்சம் வாங்கி வரச் சொன்னார், அவ்வளவுதான். வளைகுடாவில் ஏசி பராமரிக்கும் ஒரு கம்பெனியில் நான் ஸ்டோர் கீப்பர். பன்னிரண்டு நாள் லீவும் திருச்சிக்கு டிக்கெட்டும் கையில் இருந்தன. அந்த டிக்கெட்டை ரத்து செய்துவிட்டு நான் பனியைப் பார்க்கப் போனேன்.

ஆமாம், பனிதான். மலையில் கொட்டிக் கிடக்குமே, அந்தப் பனி.

என் அறையில் இருந்த இரண்டு மலையாளிகளும் அவர்களுடைய நண்பன் ஒருவனும் பனிமலை நாடான ஜார்ஜியாவுக்குப் போவதாக ஏற்பாடு. நண்பனுக்குக் காய்ச்சல் வந்து கடைசியில் ஓர் இடம் காலியானது. "அண்ணா வரீங்களா?" என்று சும்மாதான் கேட்டார்கள். எனக்கு அப்போது முப்பத்தெட்டு வயது. பதினோரு வருடமாக அந்த அறையையும் ஊரையும் விட்டால் வேறு எதையும் பார்த்ததில்லை. சித்தன்னவாசலுக்கே பள்ளிக்கூடத்தில் கூட்டிப்போனபோது போனதோடு சரி. ஊருக்குப் போனால் ஒரு கல்யாணம், இரண்டு துக்கம் விசாரிப்பு, ஒரு வளைகாப்பு, நடுநடுவே "எப்பப்பா ஒனக்கு?" என்ற கேள்வி. கல்யாணம் ஆகாதவன் ஊருக்கு வந்தால் அவனிடம் பேச வேறு விஷயமே யாருக்கும் கிடைக்காது. எனக்கு எரிச்சலாக வந்தது. எவன் காதை எவன் குத்தினால் எனக்கென்ன என்று நினைத்தேன். அப்படியே, அந்த வார்த்தைகளிலேயே நினைத்தேன்.

அது யாருடைய காது என்பதைச் சொல்ல வேண்டும்.

அந்தச் செய்தி யாருக்குப் போனதோ அவனும் நானும் ஆலங்குடியில் ஒரே பெஞ்சில் படித்தவர்கள். அவன் இப்போது கீரமங்கலத்தில் பூக் கமிஷன் கடை வைத்திருக்கிறான். அவன் கட்டிய பெண் வீட்டுக்கு ஒரே மகள், கூடப் பிறந்தவர்கள் கிடையாது. கல்யாணத்தன்று பெண்ணின் கையில் பொரி அள்ளிப் போட ஒரு சகோதரன் வேண்டும் என்று ஐயர் கேட்டபோது, பெண் வீட்டார் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் வேர்வை துடைத்துக்கொண்டு நின்ற என்னைக் கையைப் பிடித்து அந்தப் பக்கம் தள்ளிவிட்டவன் அவன்தான். "இவன் போடுவான். இன்னையிலேர்ந்து இவந்தான் அவளுக்கு அண்ணன்" என்றான். பொரி போட்டேன். அந்த நிமிடத்திலிருந்து 'டா' போய், அவன் எனக்கு மாப்ள ஆனான், நான் அவனுக்கு மச்சான் ஆனேன். என் அம்மாவை அதுவரை 'அம்மா' என்று கூப்பிட்டவன் 'அத்தை' என்று கூப்பிட ஆரம்பித்தான். விளையாட்டாகத்தான் தொடங்கியது. ஆனால் அந்தப் பெண் அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. ஒவ்வொரு பொங்கலுக்கும் "அண்ணே, நல்லா இருக்கீங்களா, சாப்பிட்டீங்களா" என்று போன் வந்துவிடும்.

அவர்களுக்குப் பெண் குழந்தை பிறந்தது. எங்கள் பக்கத்தில் தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்துவார்கள். அதையும் ஒற்றைப்படை வயதில்தான் செய்வார்கள். ஒரு வயதில் குத்தலாம் என்றபோது எனக்கு லீவு இல்லை. மூன்று வயதில், விசா புதுப்பிக்கப் பாஸ்போர்ட்டை ஆபீசில் வாங்கி வைத்திருந்தார்கள். இரண்டும் உண்மையான காரணங்கள். நம்ப வேண்டுமென்றால் இப்போதும் காகிதம் காட்டுவேன். இரண்டு தடவையும் அவன், "மாமன் வந்துதான் குத்துறது, என்ன அவசரம்" என்று தள்ளிப்போட்டான். இப்போது ஐந்து வயது. இதை விட்டால் ஏழு.

ஐந்து வயதுப் பெண் குழந்தை மூளிக் காதுடன் பள்ளிக்கூடம் போனாள். கூடப் படிக்கிற வாண்டுகள் கேலி செய்கின்றன என்று அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள். தன் அம்மாவின் ஸ்டிக்கர் பொட்டில் இரண்டை எடுத்துக் காது மடலில் ஒட்டிக்கொண்டு போவாள். அந்தப் போட்டோவை அவன் எனக்கு அனுப்பியிருந்தான். நானும் சிரிக்கிற பொம்மை ஒன்றைப் பதிலுக்குப் போட்டிருந்தேன்.

தை மாதம் முகூர்த்தம் குறித்து, பத்திரிகை அடித்து, கீரமங்கலம் கடைத்தெருவில் பிளெக்ஸும் கட்டியாகிவிட்டது. அதில் கூலிங்கிளாஸ் போட்டு நான் சிரித்துக்கொண்டிருந்தேன். 'தாய்மாமன் அன்புடன் அழைக்கிறார்' என்று கீழே கொட்டை எழுத்து. அதற்குப் பிறகுதான் நான் அந்தச் செய்தியை அனுப்பினேன்.

கோபப்படுவான் என்று எதிர்பார்த்தேன். உள்ளுக்குள் அதை விரும்பினேன் என்றுகூடச் சொல்லலாம். அவன் இரண்டு வார்த்தை திட்டியிருந்தால் பதிலுக்கு நானும் கத்திவிட்டு, சண்டையைச் சாக்காக வைத்து நிம்மதியாகப் பனி பார்த்திருப்பேன். குரல் செய்திதான் வந்தது. பின்னால் பூச்சந்தையின் ஏலச் சத்தம்.

"விடு மச்சான். நீ என்ன வேணும்னா பண்ற? அங்கிட்டு நீ என்ன பாடு படுறியோ. தேதி மாத்த முடியாது, பத்திரிகை குடுத்தாச்சு. நான் பாத்துக்கிறேன். நீ ஒண்ணும் மனசுல வச்சுக்காத. சாப்புடு ஒழுங்கா."

சாப்பிடு ஒழுங்கா என்றான். அன்றைக்கு மத்தியானம் நான் குளிருக்குக் கையுறை வாங்கக் கடைக்குப் போயிருந்தேன்.

அம்மாவிடமும் அதே பொய்யைச் சொன்னேன். ஆளுக்கு ஒன்று சொல்லி மாட்டிக்கொள்ளக் கூடாது என்கிற அளவுக்கு விவரமாக இருந்தேன். "சரிப்பா, ஒடம்பப் பாத்துக்க" என்று அம்மா வைத்துவிட்டாள்.

பனி நன்றாகத்தான் இருந்தது. அதையும் சொல்லிவிட வேண்டும். வேனிலிருந்து இறங்கிக் காலை வைத்ததும் முழங்கால் வரை உள்ளே போனது. மலையாளிகள் இருவரும் கத்தினார்கள், நானும் கத்தினேன். அள்ளி வாயில் போட்டுப் பார்த்தேன். மல்லாக்கப் படுத்தேன். எத்தனையோ வருடத்துக்குப் பிறகு அந்த ஒரு நாள் என்னிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை.

காதுகுத்துக்கு முதல் நாள் காலையில் அவனிடமிருந்து செய்தி வந்தது. நாளைக்கு ஒன்பதரைக்கு வீடியோ கால் போடுவேன், எடு என்று. இரண்டாவது பொய்யை எழுதினேன். "டூட்டில இருப்பேன் மாப்ள, போன் எடுக்க விட மாட்டாங்க." உடனே பதில் வந்தது. "ஒரே நிமிசம் மச்சான். பாத்ரூம் போறேன்னு சொல்லிட்டுப் போயி நின்னு எடு. ஒன் தங்கச்சி அழுகுறா."

அப்படித்தான் ஒரு வெளிநாட்டு ஓட்டலில், காலை எட்டு மணிக்குக் கழிப்பறையில் நின்றேன். உண்மையிலேயே அங்கேதான் நிற்க வேண்டியிருந்தது. அறையில் எந்தப் பக்கம் திரும்பினாலும் ஜன்னல், ஜன்னல் முழுக்க வெள்ளை மலை. ஸ்வெட்டரைக் கழற்றிவிட்டுக் கம்பெனி டீஷர்ட்டை மாட்டிக்கொண்டேன். அதை நல்லவேளையாகக் கொண்டுவந்திருந்தேன் என்று ஒரு திருப்தி வேறு. வெடவெடவென்று நடுங்கியது. டைல்ஸ் சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டு போனை எடுத்தேன்.

திரையில் அய்யனார் கோயில் வேப்பமரம். ஒரே கூட்டம், சத்தம். யாரோ ஒரு பையன் போனைப் பிடித்துக்கொண்டு கூட்டத்துக்குள் புகுந்தான்.

"மாமன் வந்தாச்சு, மாமன் வந்தாச்சு!"

"எங்கய்யா நிக்கிறாரு?"

"கக்கூஸ்ல நிக்கிறாரு. ஒளிஞ்சு நின்னு பேசுறாரு, பாவம்."

நாலைந்து பெண்கள் எட்டிப் பார்த்து 'உச்' கொட்டினார்கள். ஒரு அம்மாள், "பொழைக்கப் போன எடத்துல புள்ளைகள என்ன பாடு படுத்துறானுங்க" என்று முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். என் முகம் எப்படி இருந்திருக்குமோ தெரியாது. நடுக்கத்தையும் அவர்கள் பயம் என்றே எடுத்துக்கொண்டார்கள்.

போன் உள்ளே போனது. மணை போட்டிருந்தது. ஆசாரி கம்பியோடு உட்கார்ந்திருந்தார். பட்டுப்பாவாடையில் குழந்தை. அவளுக்குப் பக்கத்தில் என் அம்மா, ஒரு மடித்த வேட்டியை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள்.

அது என் வேட்டி. அவன் நேராக எங்கள் வீட்டுக்குப் போய், "மச்சான் கட்டுன வேட்டி ஒண்ணு குடுங்க அத்தை, அதையாச்சும் விரிச்சுப் புள்ளைய ஒக்கார வைக்கிறோம்" என்று கேட்டிருக்கிறான். அம்மா எடுத்துக் கொடுத்துவிட்டு, சீர்த்தட்டையும் தூக்கிக்கொண்டு கூடவே வந்திருக்கிறாள். இதெல்லாம் பிறகு தெரிந்துகொண்டது. அப்போது எனக்குப் புரியவில்லை. அம்மா ஏன் முன்னால் நிற்கிறாள் என்பதுதான் ஓடியது.

அப்பா போய்ப் பன்னிரண்டு வருடம். அதற்குப் பிறகு அம்மா எந்த நல்ல காரியத்திலும் முன்னால் நின்றதில்லை. யாரும் நிற்காதே என்று சொன்னதில்லை, யாரும் வா என்றும் கூப்பிட்டதில்லை. பந்தியில் இலை எடுக்கிற பக்கம் அவளாகவே போய்விடுவாள். இதே நண்பன் கல்யாணத்தில் நான் பொரி போட்டதைத் தூணுக்குப் பின்னால் நின்று பார்த்தவள்.

இப்போது தங்கச்சி அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள். "ஒக்காருங்க பெரியம்மா. ஒங்க மடியில வச்சுத்தான் குத்தணும்."

"நான் வேணாம் தாயி. நல்ல காரியத்துல நான் போயி... வேட்டிய விரிச்சுக்கங்க, போதும்."

அவன் பெரியப்பா தொண்டையைச் செருமினார். "தம்பி, தப்பா நெனைக்காத. சுமங்கலி யாராச்சும், இல்லன்னா ஒரு ஆம்பளை..."

"மாமன் வேட்டி. மாமனப் பெத்த மடி. இதுக்கு மேல என்ன மாமன் வேணும் பெரியப்பா?" என்றான் அவன். "எம்மச்சான் அங்க கக்கூஸ்ல நின்னு பாத்துக்கிட்டு இருக்கான். நேரமாகுது. ஒக்காருங்க அத்தை."

அம்மா உட்கார்ந்தாள். வேட்டியை மடியில் விரித்தாள். குழந்தை ஏறி உட்கார்ந்து, "மாமா எங்க?" என்றாள். பையன் போனைக் காட்டினான். குழந்தை என்னை உற்றுப் பார்த்துவிட்டு, "மாமா, ஏன் ஒங்களுக்கு லீவே குடுக்க மாட்டேங்குறாங்க? நீங்க சரியா வேலை செய்யலையா?" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரித்தேனா என்று நினைவில்லை.

அந்த நேரம் பார்த்து மலையாளி கதவைத் தட்டினான். "அண்ணா! வேன் வந்து! சீக்கிரம்!"

"சூப்பர்வைசரா?" என்று அந்தப் பக்கம் நண்பன் பதறினான். "வை மச்சான், வை, வை. மாட்டிக்காத. நாங்க பாத்துக்கிறோம்." அவனே இணைப்பைத் துண்டித்தான். ஆசாரி கம்பியை எடுத்ததைப் பார்த்தேன், காது குத்தியதைப் பார்க்கவில்லை. வெளியே வந்து வேனில் ஏறினேன். அன்றைக்கு எங்கே போனோம், என்ன பார்த்தோம் என்று எவ்வளவு யோசித்தாலும் வரவில்லை.

மத்தியானம் போட்டோ வந்தது. அழுது வீங்கிய முகத்துடன் குழந்தை, காதில் தங்கம். குழந்தையைச் சுற்றிப் பிடித்த கைகள் என் அம்மாவுடையவை. அம்மா காமிராவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். போட்டோவில் நேராகப் பார்க்கிற அம்மாவை நான் வெகுநாளாகப் பார்த்திருக்கவில்லை.

எட்டு மாதம் கழித்துத்தான் ஊருக்குப் போனேன். வழியெல்லாம் ஒரே முடிவு. முதலில் அம்மாவிடம் சொல்லிவிடுவது, அப்புறம் கீரமங்கலம் போய் அவனிடம் சொல்லுவது. அவன் அடித்தால் வாங்கிக்கொள்வது. திருச்சியிலிருந்து புதுக்கோட்டை, புதுக்கோட்டையிலிருந்து ஆலங்குடி என்று இரண்டு பஸ்ஸிலும் வாசகத்தை மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன்.

வீட்டில் அம்மா இல்லை. பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டு அக்கா, "ஆத்தாவா? வளைகாப்புக்குப் போயிருக்காங்க. இப்ப வந்துருவாங்க. இப்பல்லாம் எங்க விசேசம்னாலும் அவங்களக் கூப்புட்டுத்தான் ஆரம்பிக்கிறது" என்றாள். கொஞ்ச நேரத்தில் அம்மா மினிபஸ்ஸிலிருந்து இறங்கி வந்தாள். அரக்குக் கலரில் புடவை. கை நிறைய வளையல் போட்டுவிட்ட களைப்பைச் சொல்லிக்கொண்டே கதவைத் திறந்தாள். "அந்தப் புள்ள மடியில வச்சுக் குத்துனதுலேர்ந்து ஆளாளுக்குக் கூப்புடுறாங்கடா. கைராசியாம்."

அப்போதாவது நான் வாயை மூடிக்கொண்டிருக்கலாம். எனக்கு என் பாரத்தை இறக்கி வைக்கிற அவசரம். சாப்பிட்டுக் கை கழுவியதும் சொல்லிவிட்டேன். லீவு கிடைத்தது ஆத்தா, நான்தான் வரவில்லை, ஊர் சுற்றப் போனேன், அந்தக் கழிப்பறைகூட ஓட்டல் கழிப்பறை என்று எல்லாவற்றையும் கொட்டினேன். இப்போதே போய் அவனிடமும் சொல்லப்போகிறேன் என்றேன்.

அம்மா திட்டவில்லை. தட்டை எடுத்துக்கொண்டு போய்க் கழுவினாள். வெகுநேரம் அந்த ஒரே தட்டைக் கழுவினாள். பிறகு வந்து என் எதிரில் உட்கார்ந்தாள்.

"சொல்லாத."

"இல்ல ஆத்தா, அவனுக்குத் தெரியணும்."

"ஒனக்கு மனசு லேசாகும். சரி. எனக்கு?" என்றாள். "ஒனக்கு லீவு இல்லன்னுதான என்னைய அங்க ஒக்கார வச்சாங்க. பொய்யின்னு தெரிஞ்சா அந்தப் பெரியவரு என்ன சொல்வாரு? இதுக்குத்தான் அப்பவே சொன்னேம்பாரு. புள்ளைக்கு நாளைக்கு ஒரு காய்ச்ச வந்தாலும் எம்மடியத்தான் சொல்லுவாங்க. பன்னெண்டு வருசம் கழிச்சு ஒக்காந்தேன்டா. என்னையத் திரும்ப எந்திரிக்கச் சொல்லாத."

மன்னிப்புக் கேட்கப் போய் நிறுத்திக்கொண்டேன். கேட்டால் அதுவும் என் சௌகரியத்துக்குத்தான் என்று தோன்றியது. இதை எழுதும்போதுகூட ஒரு பெயரையும் எழுதாததற்கு அம்மாவின் அந்தச் 'சொல்லாத'தான் காரணம். பூக்கடைக்காரனுக்குப் புத்தகம் படிக்கிற வழக்கம் இல்லை என்கிற தைரியமும் உண்டு.

மறுநாள் காலை இருவரும் கீரமங்கலம் போனோம். கடை வாசலில் பூ மூட்டைகளுக்கு நடுவே அவன் என்னைக் கட்டிப்பிடித்தான். சந்தைக்கு வந்திருந்தவர்களிடம் எல்லாம், "இதான் எம்மச்சான், கக்கூஸ்ல நின்னு காதுகுத்துப் பாத்த மாமன்" என்று அறிமுகம் செய்தான். குழந்தை ஓடி வந்து காதை இரண்டு பக்கமும் திருப்பித் திருப்பிக் காட்டினாள். டீ வந்தது. ஒரு வியாபாரி கேட்டார்.

"ஏந்தம்பி, சொந்தத் தங்கச்சி புள்ளைக்குக் காதுகுத்துன்னு சொல்லியுமா லீவு தரல?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் டீ கிளாஸைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பதில் அம்மாவிடமிருந்து வந்தது. அன்று வரும் வழியில் வெயிலுக்கு மோர் வாங்கியபோது மோர்க் கடைக்காரர் தவறுதலாகக் கூடக் கொடுத்த சில்லறையை இரண்டு தெரு நடந்து போய்த் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்த என் அம்மா, நிமிர்ந்து, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள்.

"கால்ல விழுந்து கேட்டுருக்கான் தம்பி. அப்பவும் விடல அந்தப் பாவி."